வேலூரிலிருந்து பண்டத்தரிப்புக்கு ஒரு கீபோர்டு

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடியும் நேரத்தில் எங்கள் போதகர் என்னை முன்னால் அழைத்து இரண்டு நிமிடம் சாட்சி சொல்லச் சொன்னார். கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகியவன் நான். மைக் கைக்கு வந்ததும் "கர்த்தர் நன்மையாய் நடத்தினார், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அது பொய்யில்லை, ஆனால் சொல்லியிருக்க வேண்டியதில் கால் பங்குகூட இல்லை. மீதியை இங்கே எழுதுகிறேன். என்னைப் போலவே ஊழியப் பயணம் போகும் இசைக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. வேலூர் சத்துவாச்சாரியில் வீடு, இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சபையில் வாசிக்கிறேன். அப்பா வைத்திருந்த கால் பெடல் ஆர்மோனியத்தில் தொடங்கி, இப்போது அறுபத்தொரு கட்டை கீபோர்டுக்கு வந்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், கல்யாணம், துக்க வீடு என்று எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. மற்றவர்கள் கண்ணை மூடிப் பாடும்போது நான் அடுத்த சரணத்துக்கு எந்த இடத்தில் எடுக்க வேண்டும், எந்த ஸ்பீக்கர் இரைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஜெபம் நடக்கையில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தேடும் விரல்களுக்குச் சொந்தக்காரன் விசுவாசியா, வெறும் வாத்தியக்காரனா என்ற கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் அது என்னோடு நெடுநாளாகவே இருந்தது.

யாழ்ப்பாணத்துக்கு ஊழியப் பயணம் போனது எட்டுப் பேர், ஒன்பது நாள். என் பங்குக்கு ஏறக்குறைய 40,000 ரூபாய் ஆனது. அதில் பாதியைச் சபை திரட்டிக் கொடுத்தது. திரட்டிக் கொடுத்தது என்று எழுதுவது எளிது. எங்கள் சபையில் பீடி சுற்றும் அம்மா ஒருவர், காணிக்கை உறையில் இருநூறு ரூபாயை இரண்டாக மடித்து வைத்து, உறையின் மேல் என் பெயரைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். ஆயிரம் பீடி சுற்ற எத்தனை மணி நேரம் முறத்தின் முன் குனிந்து உட்கார வேண்டும் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த உறையை இன்னும் கீபோர்டு உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். வேலூர்க்காரர்கள் இதைக் கேட்கக் கூடாது என்பேன். நம் ஊர்க் கோட்டையில் சிறையிருந்து 1832-இல் இறந்த கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. அது இருக்கட்டும், எங்கள் சபைக்கு நேரான தொடர்பு வேறு. 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவ ஊழியம் செய்தவர் ஜான் ஸ்கட்டர். அவருடைய மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டர் 1822-இல் பிறந்ததும் அந்தப் பண்டத்தரிப்பில்தான். அவரும் அவருடைய சகோதரர்களும் 1853-இல் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்து பின்னாளில் வேலூரில் மருத்துவமனை தொடங்கிய ஐடா ஸ்கட்டர், ஜான் ஸ்கட்டரின் பேத்தி. ஆக, வட ஆற்காட்டுக்கு வந்த ஊழியம் யாழ்ப்பாணத்துப் பனங்காட்டு வழியாகத்தான் வந்தது. இன்னொன்றும் உண்டு: 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோதே யாழ்ப்பாணமும் அதில் ஓர் அத்தியட்சாதீனமாக, அதாவது பேராயமாக, சேர்ந்தது. இந்தியாவுக்கு வெளியே இருக்கும் ஒரே சி.எஸ்.ஐ. அத்தியட்சாதீனம் அதுதான், வட்டுக்கோட்டையில் அதன் பேராலயம் இருக்கிறது. கடவுச்சீட்டு வாங்கி, விமானம் ஏறி, நாங்கள் போய் இறங்கியது எங்கள் சொந்தத் திருச்சபையில்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு வானில் இருந்த நேரம், வேலூரிலிருந்து மீனம்பாக்கத்துக்குச் சாலையில் போன நேரத்தைவிடக் குறைவு. இறங்கியதும் கண்ணில் படுவது சிவப்பு மண், பனை, தென்னோலையில் பின்னிய கிடுகு வேலி. பயணத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நான் பாதி நேரம் கீபோர்டு பெட்டி அடிபடாமல் வருகிறதா என்ற கவலையிலேயே இருந்தேன்.

பண்டத்தரிப்பு இருக்கும் வலிகாமப் பகுதியில் ஒரு சிறு சபை. முதல் நாள் மாலைக் கூட்டத்தில் எங்கள் குழு முன்னால் நின்றது. இரு ஊருக்கும் பொதுவான ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தோம். நான் வேலூரில் வழக்கமாகச் செய்வதுபோல நிமிடத்துக்கு 92 அடி வைத்து, தானாக ஓடும் டிரம்ஸ் சேர்ந்த பின்னணி ஸ்டைலைப் போட்டுவிட்டு, இடக்கையில் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) பிடித்தேன். பல்லவி போனது. அனுபல்லவியில் குரல்கள் மெலிந்தன. சரணத்துக்கு வந்தபோது பாடிக்கொண்டிருந்தது எங்கள் எட்டுப் பேர் மட்டும்தான். சபை மரியாதையாகக் கைதட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தலைவருக்கு அது உற்சாகமாகத் தெரிந்தது. "நல்லா ரசிக்கிறாங்க பாருங்க" என்று என் காதில் சொன்னார்.

கூட்டம் முடிந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சேலை உடுத்த ஒரு வயதான அம்மா கிட்ட வந்தார். "தம்பி, நல்லா வாசிக்கிறியள். ஆனா உங்கட பெட்டி எங்களுக்கு முன்னாலை ஓடுது. நாங்கள் பிறகாலை ஓடி வந்து களைச்சுப் போனம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சபையின் மூப்பர் ஒருவர் காரணத்தை விளக்கினார். 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தார்கள் என்பது பலருக்கும் தெரிந்த வரலாறு. இந்தச் சபையாரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்திருக்கிறார்கள். பிறகு திரும்பி வந்து பார்த்தபோது பாட்டுப் பெட்டி இல்லை. கதவும் சன்னலும்கூட இல்லை. அதற்குப் பிறகு பல வருடம் வாத்தியம் ஏதுமில்லாமல் பாடியிருக்கிறார்கள். வாத்தியம் இல்லாதபோது ஒருவர் குரலை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். வரியின் கடைசிச் சொல்லை நீட்டி, பின்னால் வருபவர் வந்து சேரும்வரை காத்திருந்து, அதன் பிறகே அடுத்த வரியை எடுக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே அவர்களுடைய மெட்டாக ஊறிவிட்டது. "இப்ப பெட்டி வாங்கலாம். ஆனா பழகிப் போச்சு" என்றார் அவர். நான் "வேகம் போதாது" என்று நினைத்து டிரம்ஸால் நிரப்பப் பார்த்தது அந்தக் காத்திருப்பைத்தான்.

அடுத்த இரண்டு நாள் நான் கீபோர்டைத் திறக்கவில்லை. எங்கள் குழுவில் இதற்கு முணுமுணுப்பு எழுந்தது. அவ்வளவு தூரம் தூக்கி வந்தது எதற்கு என்று ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கடைசி வாங்கில் உட்கார்ந்து அவர்களோடு பாடினேன். நான் வைக்கும் சுருதியைவிட ஒரு கட்டை கீழே எடுத்தார்கள். ஆனந்த பைரவியில் நாங்கள் பாடும் ஒரு கீர்த்தனையை அவர்களும் அதே ராகத்தில்தான் பாடினார்கள். ஆனால் காந்தாரத்தை, அதாவது "க" ஸ்வரத்தை, அவர்கள் அசைத்துத் தொடும் இடம் கீபோர்டில் கிடையாது. கறுப்புக் கட்டையை அழுத்தினால் சுவரில் ஆணி அடித்தாற்போல ஒரே இடத்தில் நிற்கும். வேலூரில் கார்டு போட்டுப் போட்டு, அந்த அசைவையே எங்கள் சபை மறந்துவிட்டது என்பது எனக்கு அந்த வாங்கில்தான் உறைத்தது. மறக்க வைத்தவன் நானேதான். இருபத்திரண்டு ஆண்டுகளாக, ஞாயிறு தவறாமல்.

கீர்த்தனை நம் சபைகளுக்குள் வந்த கதையை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் வேடிக்கையாக இருக்கும். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மானியரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தங்கள் ஊர்ப் பாட்டுகளைத் தமிழில் பெயர்த்து, தங்கள் மெட்டிலேயே பாட வைத்தார்கள். நம் பாமாலைப் பாட்டுப் புத்தகம் அந்த வழியில் வந்தது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் இந்த மண்ணின் ராகத்திலும் தாளத்திலும் பாடியவற்றைக் கேட்டு, இதுதான் மக்கள் வாயில் நிற்கும் என்று புரிந்துகொண்டு, 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப். அதாவது ஆற்காடு மிஷன் தொடங்கிய அதே வருடம். கடல் தாண்டி வந்த ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அதே தமிழைப் பேசும் நான், அதே கீர்த்தனைப் புத்தகத்தோடு போய், கேட்காமலே வாசித்திருக்கிறேன்.

ஆகவே என் கருத்து இதுதான்: வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகும் சபை இசைக்காரர், போன இடத்தில் முதல் இரண்டு நாள் வாத்தியத்தைத் தொடவே கூடாது. இதைக் குழுக்கள் விதியாகவே வைக்க வேண்டும். இளைஞர்களுக்கு பீட் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான், அங்கேயும் மூன்று பையன்கள் தினமும் மாலையில் வந்து கார்டு கற்றுக்கொண்டார்கள், நானும் மனமாரச் சொல்லிக்கொடுத்தேன். கேட்டு வருபவருக்குக் கொடுப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. கேட்காத சபையை மேடைக்கு முன்னால் உட்கார வைத்து, கைதட்டலைப் படம் எடுத்து, "எழுப்புதல்" என்று தலைப்பிட்டு அன்றிரவே முகநூலில் ஏற்றுவதுதான் எனக்கு நெருடுகிறது. முதல் நாள் படம் என் பக்கத்திலும் இருந்தது. நானேதான் ஏற்றினேன், பிறகு எடுத்துவிட்டேன். (இடையில் ஒரு வார்த்தை: சுற்றுலா விசாவில் போய்க் கூட்டம் நடத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழைக்கும் சபையின் மூலமாக முறைப்படி விசாரித்துவிட்டுப் போங்கள். மாட்டிக்கொண்டால் விமானம் ஏறித் திரும்பிவிடுவோம். பதில் சொல்ல நிற்பவர்கள் அந்த ஊர்ச் சபையார்.)

வியாழக்கிழமை ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போனோம். போரின் கடைசிக் காலத்தில் காணாமற்போன மகனுக்காக இன்றும் காத்திருக்கும் தாய் அவர். சுவரில் மகனின் படம் இருந்தது. அதற்கு மாலை போட்டிருக்கவில்லை. மாலை போட்டால் அவன் இறந்தவனாகிவிடுவான் அல்லவா? எங்கள் குழுவில் ஒருவர் ஆறுதலாகப் பேசத் தொடங்கி, பாதியில் வார்த்தை வராமல் நிறுத்திக்கொண்டார். அந்த அம்மாவே பாட்டை எடுத்தார். பாயில் உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவருக்காகக் காத்திருந்து பாடினார்கள். இடையில் அவர் குரல் நின்றுபோனபோது மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போகவில்லை. கடைசிச் சொல்லையே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சேர்ந்ததும் பாட்டு நகர்ந்தது. என் மடியில் இரண்டு கைகளும் சும்மா கிடந்தன. எந்தப் பொத்தானையும் தேடவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நான் பாடி முடித்தது அங்கேதான். என் பழைய கேள்விக்கு அது பதிலா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் கேள்வியே ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசி ஞாயிறு அவர்களே கேட்டார்கள் என்பதால் வாசித்தேன். ஸ்டைலை நிறுத்திவிட்டு, சுருதியை இறக்கி, ஆர்மோனியச் சத்தத்தில் வலக்கையால் மெட்டை மட்டும் தொடர்ந்தேன். வரி முடிவில் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வெள்ளைச் சேலை அம்மா வெளியே வரும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

ஊருக்கு வந்த பிறகு, சாட்சியில் நான் வழுக்கிவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையே, பீடி சுற்றும் அம்மா வாசலில் என்னை நிறுத்தினார். எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தார்கள் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "அங்க இருக்கறவங்க எப்படிப் பாடறாங்க தம்பி? நம்ம மாதிரியேதானா?" என்று கேட்டார். கைப்பேசியில் பதிவு செய்திருந்ததைப் போட்டுக் காட்டினேன். வேப்பமரத்தடியில் நின்று, கைப்பேசியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். "எங்கம்மா இப்படித்தான் இழுத்துப் பாடும், குடியாத்தத்துல" என்றார்.

போன சனிக்கிழமை கொயர் பிராக்டிஸில் அந்த மெட்டை எடுத்தேன். சோப்ரானோவில் இருக்கும் கல்லூரிப் பெண்கள் "என்ன அண்ணா, தூங்கறாப்பல இருக்கு" என்றார்கள். டெனாரில் இருவர் ஒவ்வொரு வரி முடிவிலும் முந்திக்கொண்டு அடுத்த வரிக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பீடி சுற்றும் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன்; கொயரில் இல்லாதவரை எதற்குக் கூப்பிட்டாய் என்று செயலாளர் கேட்கிறார். நாளை மாலை ஆறு மணிக்கு மறுபடி பிராக்டிஸ். மூன்றாம் சரணம் இன்னும் நிற்கவில்லை.