ஓரிஜென் மருத்துவர்களை அறிந்தே மறுத்தார்

‘வலிப்புக்கு இயற்கையான காரணம் உண்டு என்பதே ஆதித் திருச்சபை எழுத்தாளர்களுக்குத் தெரியாது, அதனால்தான் நற்செய்திக் கதைகளில் எல்லாவற்றையும் பேய் என்றார்கள்’ என்று ஒரு கருத்து இருக்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் வருகிறார்கள். அன்புடன் ஒரு திருத்தம்: முக்கியமான ஒருவரின் விஷயத்திலேயே இது பொருந்தாது.

மத்தேயு நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில், வலிப்பு வந்து அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழும் மகனை ஒரு தந்தை இயேசுவிடம் கொண்டுவருகிறார். 3ஆம் நூற்றாண்டில் இதற்கு உரை எழுதிய ஆதித் திருச்சபை எழுத்தாளர் ஓரிஜென், மருத்துவர்களின் விளக்கத்தை அங்கேயே எடுத்துச் சொல்கிறார்: இது உடல்நோய், தலையிலுள்ள ஈரம் நிலவொளிக்கு ஏற்ப அசைகிறது என்பது அவர்கள் கருத்து. பிறகு, நற்செய்தியை நம்பும் நாம் இதை அசுத்த ஆவியின் செயல் என்றே கொள்கிறோம் என்கிறார். அந்த ஆவி நிலவின் நிலைகளைப் பார்த்துத் தாக்குவதே, மனிதர்கள் பழியை நிலவின்மீது போடட்டும் என்பதற்காகத்தானாம்! அவர் முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மாற்று விளக்கத்தை அறிந்து, எடைபோட்டு, மறுத்தவரை அறியாதவர் என்பது நியாயமில்லை.

சரிபார்ப்பது எளிது. மத்தேயுவுக்கு ஓரிஜென் எழுதிய உரையில் 13ஆம் நூல், 6ஆம் பகுதி. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பக்கம் படித்தால் போதும்.