பணத்தை எண்ணக் கூடாதாம்!

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் 'நிறைய' என்பதற்கான 'மெனி', 'மச்' சொல்லிக்கொடுப்பது பெரிய இம்சை. எண்ண முடிந்தால் மெனி, முடியாவிட்டால் மச். சரி, தண்ணீருக்கும் பாலுக்கும் மச், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணம் எண்ண முடியாததாம்! பர்மா, மலேயா வரை போய் வட்டிக் கணக்கு எழுதிய ஊரில் இதைச் சொன்னால் அப்பத்தா சிரிக்க மாட்டாரா? ரூபாய், நாணயம் என்றால் எண்ணலாம். பணத்தை ஆங்கிலத்தில் 'மணி' என்றால் மச்தான்.

வீடு நிறைய நாற்காலி, பெஞ்சு, அலமாரி கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணலாம். 'ஃபர்னிச்சர்' என்று வாயைத் திறந்த நொடியில் எண்ணிக்கை போய்விடுகிறது. பன்மைக்கு ஓர் 'எஸ்' கூடப் போடக் கூடாது. லக்கேஜ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன் எல்லாம் இதே கூட்டணி.

அதைவிட மோசம் 'ஃபியூ'. 'எ ஃபியூ' என்றால் கொஞ்சம் இருக்கிறது என்று ஆறுதல். அந்த 'எ'யை எடுத்துவிட்டால் இல்லாத குறைதான். தட்டில் இருப்பது என்னவோ அதே நாலு வெள்ளைப் பணியாரம்! நம் 'நிறைய', 'கொஞ்சம்' இரண்டும் அரிசிக்கும் ஆளுக்கும் பேதம் பார்ப்பதில்லை.

நாளைக்கு டெஸ்ட் வேறு. 'லிட்டில்' பக்கம் இன்னும் போகவே இல்லை.