ஒரு டாலர் மாரத்தானும் ஆறு பொண்ணுங்களும்

நியூயார்க் மாரத்தான் பத்தி எங்க பேச்சு வந்தாலும் யாராவது ஒருத்தர் வந்து, அந்தக் காலத்துல எவ்ளோ சுத்தமா இருந்துச்சு, இப்ப எல்லாம் பிசினஸ் ஆயிடுச்சுன்னு பெருமூச்சு விடுவாங்க. எனக்கு இதக் கேட்டாலே கடுப்பாகுது.

சரி, அந்தக் காலத்தையே பாப்போம். 1970 செப்டம்பர்ல முதல் ரேஸ். என்ட்ரி ஃபீ ஒரு டாலர். இப்ப மாதிரி ஊரச் சுத்தி இல்ல, சென்ட்ரல் பார்க்குக்குள்ளயே திரும்பத் திரும்ப சுத்தணும். 127 பேர் கிளம்பி 55 பேர்தான் முடிச்சாங்க, ஜெயிச்சவர் கேரி மர்க்கி, தீயணைப்பு வீரர், நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து ஓடினவரு. கேக்க அழகாதான் இருக்கு, ஒத்துக்கறேன்.

ஆனா அந்த 55 பேர்ல ஒரு பொண்ணு கூட இல்ல. ஓட வந்திருந்த ஒரே பொண்ணு நீனா குஸ்ஸிக், உடம்பு முடியாம பாதில நின்னுட்டாங்க. அடுத்த வருஷமே அதே ரேஸ்ல பெத் பானர் 2:55:22, பின்னாடியே நீனா 2:56:04. ரெண்டு பேருமே மூணு மணி நேரத்துக்குள்ள. இன்னைக்கு எத்தனை ஆம்பளைங்க அந்த மூணு மணி நேரத்தத் தொடணும்னு வருஷக்கணக்கா தவம் கெடக்கறாங்கன்னு ஓடறவங்களக் கேட்டுப் பாருங்க.

இதுக்கு அப்புறமும் அமெரிக்க தடகளத்தக் கையில வச்சிருந்த ஏஏயூங்கற அமைப்பு (அமெச்சூர் அத்லெட்டிக் யூனியன்) என்ன சொல்லுச்சு தெரியுமா? பொண்ணுங்க ஓடலாம், ஆனா ஆம்பளைங்களோட சேர்ந்து கிளம்பக் கூடாது, பத்து நிமிஷம் முன்னாடியே தனியா கிளம்பிடணும்னு. அதே ரோடு, அதே தூரம், அப்புறம் எதுக்கு இந்தப் பத்து நிமிஷம்?

1972 அக்டோபர் 1. அதே நியூயார்க் ரேஸ். பொண்ணுங்களுக்கான ஸ்டார்ட் துப்பாக்கி வெடிச்சுது, ஓட வந்த ஆறு பொண்ணுங்களும் ஓடல. ஸ்டார்ட் லைன்லயே சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க, கையில ஏஏயூவக் கலாய்ச்சு அட்டை வேற, இது 1972, முழிச்சுக்கோங்கற மாதிரி. பத்து நிமிஷம் அப்படியே உக்காந்திருந்து, ஆம்பளைங்க துப்பாக்கி வெடிச்சதும் எழுந்து எல்லாரோடயும் சேர்ந்து ஓடினாங்க. அதிகாரிங்க சும்மா விடுவாங்களா, அவங்க டைம்ல பத்து நிமிஷத்தக் கூட்டிப் போட்டாங்க! அப்புறம் அதையும் வாபஸ் வாங்க வேண்டியதாச்சு, அந்தத் தனி ஸ்டார்ட் விதியும் போச்சு. ஓட்டப்பந்தய வரலாத்துல உக்காந்தே ஜெயிச்ச கதை வேற இருக்கான்னு தெரியல. 1967 பாஸ்டன் மாரத்தான்ல ஓடிட்டிருந்த கேத்ரின் ஸ்விட்சர, பொண்ணுங்கறதால அதிகாரி ஒருத்தர் புடிச்சு இழுத்த போட்டோ எல்லாருக்கும் தெரியும், இந்த ஆறு பேரத்தான் யாரும் பேசறதில்ல.

1976ல, இந்த ரேஸ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஃப்ரெட் லெபோ தலைமைல ரேஸ் பார்க்க விட்டு வெளிய வந்து, ஸ்டேட்டன் ஐலண்ட்ல வெரசானோ பாலத்துல ஆரம்பிச்சு நகரத்தோட அஞ்சு பகுதியும் தொட்டுப் போக ஆரம்பிச்சுது. 1978ல நார்வேலேர்ந்து கிரெட்டே வைட்ஸ் வந்தாங்க. டிராக்ல ஓடறவங்க, அதுவரைக்கும் மாரத்தானே ஓடினதில்ல, வந்த முதல் ரேஸ்லயே 2:32:30, பெண்கள்ல அன்னைக்கு உலகத்துலயே வேகமான டைம். மொத்தம் ஒன்பது தடவ அங்க ஜெயிச்சாங்க. இத்தனைக்கும் ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் மாரத்தான் வந்தது 1984லதான்.

இந்த ஸ்பான்சர், டிவி, பெரிய கூட்டம் எல்லாம் வந்ததுக்கு அப்புறம்தான் இன்னைக்கு 50,000 பேருக்கு மேல ஓடி முடிக்கறாங்க, அதுல ஏகப்பட்ட பேர் பொண்ணுங்க. அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம் எடுக்கறவங்களுக்கும் அதே மெடல்தான். லெபோவே மூளைப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்துட்டு 1992ல வைட்ஸ் கூடவே அஞ்சரை மணி நேரம் ஓடி முடிச்சாரு.

ஃபீ தாறுமாறா ஏறிடுச்சு, குலுக்கல்ல ஓட இடம் கிடைக்கறது குதிரைக்கொம்பு, இதெல்லாம் நியாயமான கோபம். அதுக்கு சண்டை போடுங்க, நானும் வரேன். 1970தான் பொற்காலம்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க.