கரி பிடிப்பது வேறு, வெப்பம் அழிப்பது வேறு

நீரிலுள்ள மாசுகளை நீக்கப் பயன்படும் நுண்துளைக் கரியான ஆக்டிவேட்டட் கார்பன், கரிம மாசுகளை ‘உறிஞ்சி அழித்துவிடுகிறது’ என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே மூச்சில் சொல்கிறது. இவை இரண்டும் தனித்தனி வேலைகள். கரி தன் நுண்துளைச் சுவர்களில் மாசைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மிளகளவு துணுக்கு ஒன்றை நீரில் போட்டால், குமிழிகள் சரம்சரமாக மேலேறுவதைக் காணலாம். நீர் புகுந்து காற்றை வெளியேற்றும் அந்தத் துளைகளின் உட்பரப்பு, ஒரு கிராமுக்குச் சுமார் 500 முதல் 1500 சதுர மீட்டர் வரை இருக்கும்.

அந்தப் பரப்பு மாசால் நிரம்பிய பிறகே, கரியைச் சூடாக்கி மீண்டும் பயன்படச் செய்யும் உலைக்கு வேலை. முதலில் ஈரம் போகிறது. எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் பிரிகின்றன. எஞ்சியவை சிதைந்து கரியாகப் படிய, 800 டிகிரி செல்சியசை ஒட்டியும் அதற்கு மேலும் நீராவி அந்தப் படிவை வாயுவாக்கித் துளைகளை மீண்டும் திறக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கரியும் சிறிது தேய்கிறது.

எனக்கு உண்மையான கவலை தருவது உலையிலிருந்து வெளிவரும் வாயு. பென்சீன் போன்றவை சிதையாமலே ஆவியாகிவிடக்கூடும். பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களின் நிலை இன்னும் கடினமானது: அவற்றின் வலிய கார்பன்-ஃபுளோரின் பிணைப்பு உடைந்தால் அரிக்கும் தன்மையுள்ள ஹைட்ரஜன் ஃபுளோரைடு உருவாகலாம்; முழுதும் உடையாவிட்டால் ஃபுளோரின் கொண்ட சிறிய மூலக்கூறுகள் காற்றில் கலக்கலாம். ஆகவே வாயுவை மீண்டும் உயர் வெப்பத்தில் எரிக்கும் அறையும், அமில வாயுவைக் காரக்கரைசலால் கழுவும் அமைப்பும் உலையோடு சேர்ந்தே இருக்க வேண்டும். கரியில் மாசு எஞ்சவில்லை என்ற அளவீட்டை மட்டும் காட்டி ‘அழிந்தது’ என்று அறிவிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. உள்ளே சென்ற ஃபுளோரின் எவ்வளவு, ஃபுளோரைடாகப் பிடிபட்டது எவ்வளவு என்ற கணக்கையும் கட்டுரை கேட்டிருக்க வேண்டும்.