பணத்தையே ஒழித்துப் பார்த்த நாடு

'பணம் என்ற ஒன்று இல்லாவிட்டால் திருட்டும் லஞ்சமும் கொலையும் தானாக ஒழிந்துவிடும்' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ஒரு நாடு செய்தே பார்த்துவிட்டது.

1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படையினர் கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தார்கள். நாணயம் செல்லாது, சந்தை கிடையாது, சம்பளம் கிடையாது என்றாகிவிட்டது. மத்திய வங்கிக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். (இத்தனைக்கும் புது நோட்டுகளை அச்சடித்துக் கையில் வைத்திருந்தார்கள்!)

சரி, அப்புறம் மனிதர்கள் யோக்கியர்களாகிவிட்டார்களா? பணம் இருந்த இடத்தில் அரிசி வந்து உட்கார்ந்தது. பொதுச் சமையற்கூடத்தில் யார் கையில் கரண்டி இருந்ததோ அவருக்குத்தான் அதிகாரம். ஒளித்து வைத்திருந்த தங்கத்தைக் கொடுத்து ஜனங்கள் ரகசியமாக அரிசி வாங்கினார்கள். ஒரு வாய் சோற்றைத் திருடியதற்கு உயிரையே எடுத்தார்கள். 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுவதற்குள் பட்டினி, நோய், கொலை என்று இறந்தவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். 1980இல்தான் அந்த நாட்டுப் பணமான ரியெல் நோட்டு மறுபடி வந்தது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். லஞ்சத்தை மூட்டை மூட்டையாக அரிசியில் வாங்கினால் தெருவே பார்க்கும். நோட்டில் வாங்கினால் யாருக்கும் தெரியாது. பதுக்கவும் மறைக்கவும் பணம் வசதியானதுதான். அதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தால் நானே முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன்.