திறப்பைத் தேடாதேங்கோ, மணிக்கூட்டைப் பாருங்கோ

போன கிழமை பின்னேரம் பக்கத்து வளவில் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்று வயதுப் பிள்ளை விறாந்தையில் கண் மேலே செருகி வெட்டி வெட்டி இழுக்குது. ஒருவர் கைக்குள் திறப்புக் கோர்வையைத் திணிக்கிறார், இன்னொருவர் வாய்க்குள் கரண்டி வைக்கப் பார்க்கிறார். "எத்தினை மணிக்குத் துவங்கினது?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியேல்லை. கரண்டியைப் பறித்துவிட்டு, பிள்ளையைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்தேன். காய்ச்சல் வலிப்பு, நல்லகாலம் தானாக நின்றுவிட்டது.

என் பெறாமகனுக்கு அப்படி நிற்கவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர நாற்பது நிமிடம். முதல் ஊசி கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை. மயக்கி, சுவாசக் கருவி பூட்டி, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். அக்கா அந்தக் கண்ணாடிக் கதவடியில் இரண்டு இரவு நிலத்திலேயே இருந்தா.

ஏன் கேட்கவில்லை என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். மூளையின் கொதிப்பை அடக்குவது காபா என்ற இரசாயனம். அது வந்து ஒட்டும் ஏற்பிகள், வலிப்பு நீள நீள நரம்புக் கலத்தின் மேற்பரப்பை விட்டு உள்ளே போய்விடும். வலிப்பை நிறுத்த முதலில் கொடுக்கும் மருந்துகளான டயசிபாமும் மிடசோலமும் வேலை செய்வது அந்த ஏற்பிகளில்தான். ஐந்தாம் நிமிடத்தில் கேட்கிற மருந்து நாற்பதாம் நிமிடத்தில் கேட்காமல் போவது அதனால்தான். அடுத்த கட்டத்தில் லெவெடிரசிட்டம், பொஸ்பினைட்டோயின், வல்புரோயேட் என்ற மருந்துகள் இருக்கு; 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் இந்த மூன்றுமே ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் கேட்டன.

ஆகவே, ஐந்து நிமிடம் தாண்டினால் முதல் மருந்து வீட்டிலேயே போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வலிப்பு நோய் என்று தெரிந்த பிள்ளையின் தாய்க்கு, கன்னத்துக்குள் விடும் மிடசோலத்தைக் கொடுத்து, விடும் முறையையும் கிளினிக்கிலேயே பழக்கிவிட வேண்டும். மூச்சுக் குறையும் என்ற பயம் நியாயமானது, அதற்காகத்தான் நிறைக்கேற்ற அளவு எழுதித்தர வேண்டும். நிற்காத வலிப்பும் மூச்சைக் கெடுக்கும்தானே. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகிலேயே கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். அங்கே இருக்கிற பிள்ளைக்கு ஐந்து நிமிடம் எங்கே கிடக்கு?

அக்கா அந்த மருந்தைக் கேட்டு வாங்கினா. கேட்கத் தெரியாத தாய்க்கு?

இப்போது அக்கா வீட்டுச் சாமியறைக் கதவில் ஒரு மட்டை ஒட்டியிருக்கு: பிள்ளையின் நிறை, மருந்தின் அளவு, 1990. ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறை பார்த்து டொக்டர் சொல்லுறதை அக்கா மாற்றி எழுதுவா. போன தவணை 22 கிலோவை வெட்டி 24 என்று எழுதினா.