அவர் தப்பாக அடிக்கவில்லை, சர்வரின் மணிதான் தப்பு

நேற்று குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். போன் ஆப் காட்டிய ஓடிபியை, அதாவது ஒருமுறைக் கடவு எண்ணை, ஆறு தடவை அடித்து, கணக்கே பூட்டிக்கொண்ட ஒருவரிடம் "நீங்கதான் தப்பா அடிச்சிருப்பீங்க" என்று அத்தனை பேர் சொன்னீர்கள். சர்வருக்குள் போய் மணி என்ன என்று ஒருவராவது பார்த்தீர்களா?

'டேட்' என்று ஒரே ஒரு கட்டளை. அடித்திருந்தால் சர்வர் கடிகாரம் 90 விநாடி பின்தங்கியிருந்தது அப்போதே தெரிந்திருக்கும். இந்த எண் நேரத்தை வைத்துத்தான் உருவாகிறது. ஆப், சர்வர் இரண்டு பக்கமும் ஒரே ரகசியச் சாவி. 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளை 30-ஆல் வகுத்தால் வரும் முழு எண். இரண்டையும் ஹெச்மேக் என்ற கணக்கீட்டில் போட்டு ஆறு இலக்கமாக வெட்டுகிறோம். 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்வது இவ்வளவுதான். 30 விநாடி ஒரு படி, 90 விநாடி என்றால் மூன்று படி பிசகு. முன்பின் ஒரு படி மட்டும் ஏற்கும் சர்வர் சரியான எண்ணையும் தள்ளத்தான் செய்யும்.

டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், சோதியுங்கள் என்றேன். "ஆப் இருக்கும்போது இது எதுக்கு?" என்றார்கள். ஆப் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் பிழை என்று சொல்லாது. டெர்மினலில் ஓடும் ஓத்டூல் என்ற கருவியிடம் சாவியையும் வந்த எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் பொருந்துகிறதா இல்லையா என்று சொல்லிவிடும். கருவி மேலேயே சந்தேகமா? ஆர்எஃப்சியிலேயே சோதனை எண் இருக்கிறது: 12345678901234567890 என்ற சாவிக்கு அதே 1970 கணக்கில் 59-ஆவது விநாடியில், எட்டு இலக்கமாக வெட்டினால், 94287082 வர வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இது நடந்தது. இரவு ஷிப்ட், உள்ளே போக முடியவில்லை. "கண்ணாடி போட்டுட்டு அடிங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். என் போனில் மணியைக் கையால் வைத்திருந்தேன், இரண்டு நிமிடம் வேகம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு மூத்த அண்ணன், அவரும் டெர்மினலில்தான் பார்த்தார். அந்த இரவை நான் மறக்கவில்லை.

சாவியைக் கட்டளையில் அடித்தால் பழைய கட்டளைகளைச் சேமிக்கும் ஹிஸ்டரியில் பதிந்துவிடும், ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையைப் போட்டால் மற்றவருக்கும் தெரியும் என்கிறீர்கள். உண்மை, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் கட்டளையில் எழுதாமல் ஸ்டாண்டர்டு இன்புட் வழியாக, அதாவது கருவி ஓடத் தொடங்கியபின் தனி உள்ளீடாக, கொடுக்கச் சொல்கிறேன். நேற்றே சொன்னேன், யாரும் படிக்கவில்லை.

"விண்டோவை (சர்வர் ஏற்கும் முன்பின் அளவை) பத்துப் படியாக்கு, பிரச்சினை தீர்ந்தது" என்பதற்கு மட்டும் என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியாது. முன்பின் பத்துப் படி என்றால் ஒரே நேரத்தில் 21 எண்கள் செல்லும். ஒரே எண் மட்டும் செல்வதோடு ஒப்பிட்டால், குருட்டாம்போக்கில் அடிப்பவனுக்கு 21 மடங்கு வாய்ப்பு. கடிகாரத்தை வலை வழியாகத் திருத்த என்டிபி என்ற முறை இருக்கிறது. அதைச் செய்யாமல் கதவையே அகலமாக்குகிறீர்கள். வலைத் தாமதத்துக்காக ஒரு படிக்கு மேல் விட வேண்டாம் என்று ஆர்எஃப்சி பரிந்துரைப்பது சும்மாவா?

எனக்கு ஊர் வம்பு வேண்டாம், குழுவில் இருந்து விலகியதும் அதனால்தான். கடிகாரம் நேற்று இரவே சரியாகிவிட்டது. சரி செய்தவர் "ரிசால்வ்டு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஆறு தடவை சரியாக அடித்தவரிடம் தப்பு எங்களுடையது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. இன்று காலை நான் சொன்னேன். "அப்போ நான் சரியாத்தான் அடிச்சேனா?" என்று இரண்டு தடவை கேட்டார்.